ஐக்கிய இராச்சியத்தின் பல் மருத்துவச் சட்டங்கள்

ஐக்கிய இராச்சியத்தின் பல் மருத்துவச் சட்டங்கள் என்பவை, அந்நாட்டில் யார் பல் மருத்துவம் செய்யலாம் என்பதை வரையறுப்பவை ஆகும். முதல் சட்டம் 1878 இல் இயற்றப்பட்டது. ஆனால் அது தொழிலின் பெயரை மட்டுமே காத்தது. தொழிலையே காக்கும் சட்டம் 1921 இல்தான் வந்தது.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டில் பல் பிடுங்குவதற்கு எவ்விதத் தகுதியும் தேவைப்படவில்லை. கொல்லர், முடிதிருத்துவோர், மருந்து விற்போர் எனப் பலரும் இதனைச் செய்தனர். இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி 1860 இல் பல் மருத்துவத்துக்கான தேர்வை முதன்முதலாக நடத்தியது. எனினும் அதனை எழுதுவது கட்டாயமன்று.

1878 ஆம் ஆண்டுச் சட்டம்

சர் ஜான் டோம்சு முதலியோரின் முயற்சியால் இச்சட்டம் நிறைவேறியது. பல் மருத்துவர்களுக்கான பதிவேட்டைப் பேணும் பொறுப்பு பொது மருத்துவ மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பதிவு செய்யாதோர் 'பல் மருத்துவர்' என்றோ அதையொத்த பட்டங்களாலோ தம்மை அழைத்துக்கொள்வது குற்றமாயிற்று. ஏற்கெனவே தொழில் செய்துவந்தோரும் பதிவு செய்ய இடமளிக்கப்பட்டதால், முதற் பதிவேட்டில் இருந்தோரில் தேர்வில் தேறியவர்கள் சிறுபான்மையினரே.

சட்டத்தின் பெரிய ஓட்டை 1910 இல் வெளிப்பட்டது. பதிவு பெறாத இருவர், செயற்கைப் பற்கள் கட்டுவதாகவும் வலியின்றிப் பல் பிடுங்குவதாகவும் விளம்பரம் செய்திருந்தனர். 'பெல்லர்பி எதிர் ஹேவொர்த்' எனும் அவ்வழக்கில், பட்டத்தைப் பயன்படுத்தாத வரையில் இது குற்றமாகாது என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. சுருங்கக்கூறின், பெயர்ப்பலகையில் ஒரு சொல்லைத் தவிர்த்தால் போதும், எவரும் பல் பிடுங்கலாம்.

1921 ஆம் ஆண்டுச் சட்டம்

பிரான்சிசு அக்லண்டு தலைமையிலான குழு 1919 இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, பதிவு பெறாதோர் பல் மருத்துவம் செய்வது தடைசெய்யப்பட்டது. மருத்துவர்களுக்கு விலக்கு இருந்தது. அவசர வேளையில், மருத்துவரோ பல் மருத்துவரோ கிடைக்காதபோது, பதிவு பெற்ற மருந்தாளர் மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ இன்றிப் பல் பிடுங்கலாம் என்ற விலக்கும் இருந்தது. நோயாளிக்கு அது எத்தகைய சலுகை என்பது வேறு கேள்வி!

பிழைப்பை இழக்கவிருந்தோரையும் சட்டம் கைவிடவில்லை. முந்தைய ஏழாண்டுகளில் ஐந்தாண்டுகளேனும் இதனையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த, நன்னடத்தை உடையோர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். இவர்கள் '1921 பல் மருத்துவர்கள்' எனப்பட்டனர். முன்னர்ச் சட்டத்துக்கு வெளியே இருந்தோர் இவ்வாறு தொழிலின் ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டனர்.

பிற்காலம்

1956 இல் பொதுப் பல் மருத்துவ மன்றம் தனி அமைப்பாகத் தோன்றியது. பிந்தைய சட்டங்கள் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. 2008 முதல் பல் மருத்துவச் செவிலியரும் பல் தொழில்நுட்பவியலாளரும் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பற்களை வெண்மையாக்குவதும் பல் மருத்துவமே என 2013 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் அழகு நிலையங்களில் இதனைச் செய்துவந்த பதிவு பெறாதோரும் சட்டத்தின் பிடிக்குள் வந்தனர்.