குடியும் மராமத்தும்: புதுக்கோட்டைக் கண்மாய்களின் வெள்ளக் கணக்கு

'குடிமராமத்து' என்னும் சொல்லைப் பிரித்தாலே ஒரு வரலாறு வெளிப்படும். 'குடி' நம்முடையது. 'மராமத்து' அரபியில் பிறந்து, பாரசீகம் வழியே அரசாங்கக் கச்சேரிகளுக்குள் நுழைந்தது. ஊரார் காலங்காலமாகச் செய்துவந்த வேலைக்கு அரசாங்கம் பின்னாளில் சூட்டிய பெயர் இது. வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பதில் எது குடியின் பொறுப்பு, எது அரசின் பொறுப்பு என்ற வழக்கு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாம் மழையை நம்பிய ஆறுகள். வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களில் கொட்டும் நீரைத் தேக்கிக்கொள்ளவே ஆயிரக்கணக்கான கண்மாய்கள் வெட்டப்பட்டன. வறட்சிக்கு மருந்தாகவே இவற்றைப் பேசிப் பழகிவிட்டோம். வெள்ளத்துக்கும் இவையே அரண். மேல் கண்மாய் நிரம்பினால் உபரி நீர் கலிங்கு வழியே வாரியில் இறங்கி, அடுத்த கண்மாயைச் சேரும். வாரி தூர்ந்தாலோ மேலே ஒரு கரை உடைந்தாலோ, கீழுள்ள கரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்துக்குள்ளாகும். ஆகவே ஓர் ஊரின் அசட்டை இன்னோர் ஊரின் வெள்ளம்.

இதைப் பழையவர்கள் அறிந்திருந்தனர். இப்பகுதிக் கண்மாய்களுக்குள் இன்றும் நிற்கும் குமிழித் தூம்புகளில் நீர் செல்ல நீரோடித் துளையும், வண்டல் வெளியேறச் சேறோடித் துளையும் உண்டு. அவற்றின் கல்தூண்கள் சிலவற்றில் செய்வித்தவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நீர்நிலைக்குக் கொடை தருவது அரசனின் தனி உரிமையாக இருக்கவில்லை.

தொண்டைமான் ஆட்சியில் நடப்பிலிருந்த அமானி முறையில் விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொண்டனர். கரை உடைந்தால் அரண்மனைக் களஞ்சியத்திலும் நெல் குறையும். 1878 முதல் 1894 வரை பொறுப்பிலிருந்த திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் அமானி ஒழிந்து பணத்தீர்வை வந்தது. அதிகாரிகளின் முறைகேடுகளிலிருந்து குடியானவருக்கு அது விடுதலைதான். ஆயினும் கண்மாயோடு அரசைக் கட்டியிருந்த நேரடிக் கயிறு ஒன்று அப்போது தளர்ந்திருக்க வேண்டும்.

பக்கத்துச் சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் அபாயம் நேர்ந்தால் ஊராரை வேலைக்கு இழுக்க வழிசெய்தது. வழக்கமான குடிமராமத்தைச் செய்யாதவர் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்தவேண்டும். தானாக நடந்ததாகச் சொல்லப்படும் வழக்கத்துக்கு ஏன் தண்டம்? இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் வெளியான தம் நூலில், தன்னிறைவுக் கிராமம் என்னும் சித்திரத்தையே ஐயுறுகிறார். நீர்ப் பராமரிப்பு எப்போதும் அதிகாரத்தோடும் சாதிப் படிநிலையோடும் பின்னியிருந்தது என்பது அவர் வாதம். மண் சுமந்தவரும் மடைநீருக்கு உரிமை கொண்டவரும் ஒருவராகவே இருக்கவில்லை. ஊர் ஒற்றுமையைப் போற்றும் நாம் இதை மறந்துவிடக்கூடாது.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். செலவில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருவது ஏற்பாடு. நல்ல முயற்சிதான். ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும் (2021க்குப் பின் நீர்வளத் துறை), சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. ஒரே சங்கிலியின் கண்ணிகளுக்கு வெவ்வேறு உடைமையாளர்கள். ஓர் ஊர் தன் கரையைக் காத்துக்கொள்ளும்; இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் வாரிக்கு யார் பொறுப்பு?

காவிரியின் வெள்ள உபரியைத் தெற்கே கொண்டுவரும் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று இதே மாவட்டத்தின் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்த மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். பெரிய கால்வாய்க்கு அரசுதான் வேண்டும், ஐயமில்லை. ஆனால் வந்த நீர் கண்மாய்க்கும் கண்மாய்க்கும் இடைப்பட்ட வாரிகளில்தான் நகரவேண்டும். கரையைக் குடி காக்கட்டும். ஊரும் ஊரும் சந்திக்கும் இடத்தில் அரசு நிற்கட்டும். அந்த இடம் காலியாக இருக்கும்வரை, மழை பெய்யும்போதெல்லாம் கீழ்க்கண்மாய்க்காரர் மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பார்.