டின் டிக்கட்டும் பாஸ்போர்ட்டும்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தெரிந்தவர் வீட்டில், பழைய பாஸ்போர்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கண்டியில் கொடுத்தது. முத்திரைகள் இரண்டே இரண்டு. தலைமன்னாரில் ஏறியதற்கு ஒன்று, ராமேஸ்வரத்தில் இறங்கியதற்கு ஒன்று. மற்ற பக்கங்களெல்லாம் வெள்ளை. அந்த வீட்டுப் பெரியவர் வாழ்நாளில் ஒரே தடவைதான் கடல் தாண்டியிருக்கிறார். அதுவும் பிறந்த நாட்டிலிருந்து, அதுவரை பார்த்தேயிராத 'சொந்த' நாட்டுக்கு.

இந்தப் பக்கத்துச் சரித்திரம் என்றால் கங்கைகொண்ட சோழபுரம்தான். ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான். அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் கடல் கடந்ததை அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்தப் பாட்டன் போனது முதலில் காப்பித் தோட்டத்துக்கு. இலை நோயில் காப்பி அழிந்ததும் தேயிலைத் தோட்டத்துக்கு. வானம் பார்த்த மேட்டுக்காடும் கடனும் ஜாதியும் விரட்ட, துறையூர், முசிறி, பெரம்பலூர் தாலுகாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் போனார்கள். ஆரம்பத்தில் காகிதம் ஒன்றும் தேவைப்படவில்லை. கங்காணியின் கடன் கணக்கே போதுமானதாக இருந்தது. 1900-களின் தொடக்கத்தில் டின் டிக்கட் வந்தது. கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொள்ளும் தகர வில்லை. எந்தத் தோட்டத்து ஆள் என்பதற்கு அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். பெயர் இருக்காது. அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். 1904-ல் துரைமார்கள் ஏற்படுத்திய இலங்கைத் தொழில் கமிஷனுக்குத் திருச்சியிலேயே தலைமை அலுவலகம். சரக்கு கிடைக்கிற இடத்தில் கடை.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு 'துண்டு'. ஆளின் பேரில் இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் எழுதித் தருகிற சீட்டு. அது இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் போக ஒரு பாஸ்போர்ட்! 1921-ல்தான் அது ஒழிந்தது.

நாம் பாஸ்போர்ட் என்று சொல்வது இதற்கெல்லாம் பிந்தியது. முதல் உலக யுத்தம் கொண்டுவந்த வழக்கம் அது. 1920-ம் வருஷத்து இந்தியச் சட்டம் உள்ளே வருகிறவனைப் பற்றித்தான் பேசிற்று. வெளியே போகிறவனுக்குப் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் இஷ்டமாகவே இருந்துவந்தது. 1967 ஏப்ரலில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகே பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது.

டெல்லியில் ஒரு வியாபாரி பாஸ்போர்ட் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன அதே காலத்தில், மலைநாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பாஸ்போர்ட் தயாராகிக்கொண்டிருந்தது. 1948-ல் இலங்கை அவர்களைப் பிரஜைகள் அல்ல என்றது. 1964 அக்டோபர் 30-ல் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று வைக்கப்பட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாயிற்று. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

ஸ்ரீமாவோவுடன் கையெழுத்திட்டவர் சாஸ்திரி. 1956 நவம்பர் 23-ல் அரியலூருக்குப் பக்கத்தில், மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோது, பொறுப்பேற்று மந்திரி பதவியை விட்டவரும் அவரேதான். அந்த ராஜினாமாவை இந்த வட்டாரம் மறக்கவில்லை, நியாயந்தான். எட்டு வருஷம் கழித்து அதே கை போட்ட கையெழுத்து, இதே வட்டாரத்து ஜனங்களின் பேரப்பிள்ளைகளைக் கப்பலேற்றியது என்பதை இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

நம் எழுத்திலும் இது பதிவானது குறைவு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' திருநெல்வேலிச் சீமையிலிருந்து போகிறது. ப. சிங்காரத்தின் நாவல்கள் கடல் தாண்டியவை, ஆனால் அவை மலேயா பக்கம், வட்டிக்கடைகளின் உலகம். புஞ்சைக்காட்டிலிருந்து போய், புஞ்சைக்காட்டுக்கே அந்நியனாகத் திரும்பி வந்தவன் இன்னும் எழுதப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. வந்தவனை ஊர் 'சிலோன்காரன்' என்றது. அங்கே அவனைக் 'கள்ளத்தோணி' என்றார்கள்.

தகரப் பெட்டியைத் திறந்ததற்குக் காரணம் நான் அல்ல. பேரன் வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு மனுப்போட்டிருந்தான். பத்தாவது தேறாதவன், குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்போடுதான் அவனுக்குக் கிடைக்கும். விசாரணைக்கு வந்தவர், தகப்பனார் பிறந்த ஊர் ஹட்டன் என்று கேட்டதும் பேனாவை நிறுத்தியிருக்கிறார். இந்தியர்தான் என்பதற்கு என்ன ருஜு? அதற்காகத்தான் பெரியவர் பெட்டியை இறக்கியிருக்கிறார். வந்தவர் வெள்ளைப் பக்கங்களைக்கூட விடாமல் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு ஒரு ஜெராக்ஸ் கேட்டார்.