அலையைப் பிடித்த கைகள்



நம் பள்ளித் திடலுக்கு அருகே ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. ஒரு நாள் அதன் உச்சியில் இருவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தனர். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், மேல ஏறி வேலை செய்றாங்களே, அவங்க இஞ்சினியரா, கூலியாளா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன் முந்திக்கொண்டு, "படிச்சவங்க எதுக்குடா மேல ஏறப் போறாங்க?" என்றான்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய பேச்சுதான். என்றாலும், படிப்பு வேறு, கைவேலை வேறு என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரோடிப் போயிருப்பதை அது காட்டிவிட்டது. கம்பியில்லாத் தொடர்பின் வரலாற்றைப் புரட்டினால் அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

மார்க்கோனி என்ற பெயரை அறியாதார் யார்? 1895ஆம் ஆண்டில், இத்தாலியின் பொலோனியா நகருக்கு அருகில் தம் தந்தையின் வீட்டிலேயே கருவிகளைக் கட்டிச் சோதித்த இளைஞர் அவர். 1896இல் இங்கிலாந்து சென்றபோது, அந்நாட்டு அஞ்சல் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் கெம்ப் அவருக்கு உதவியாளராக வாய்த்தார். கெம்ப் கடற்படையில் இருந்தவர். கயிறு கட்டவும், கம்பம் நாட்டவும், மின்கருவிகளைப் பழுது பார்க்கவும் தெரிந்தவர்.

1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் மார்க்கோனியோடு நின்றவர்களில் அவரும் ஒருவர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், சுமார் 3,400 கிலோமீட்டர் தொலைவில், கார்ன்வாலின் போல்டு நிலையத்திலிருந்து வரும் குறியைப் பிடிக்க வேண்டும். வான்கம்பியை உயரே தூக்கிய பலூனைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு பட்டம் விட்டார்கள், பட்டமும் போயிற்று. சளைத்தார்களா? இன்னொரு பட்டத்தில் கம்பியைக் கட்டி ஏற்றினார்கள். டிசம்பர் 12 அன்று மூன்று புள்ளிகள் காதில் விழுந்தன என்று மார்க்கோனி அறிவித்தார். காதுக்கருவியைக் கெம்பிடமும் கொடுத்துக் கேட்கச் சொன்னாராம்.

காதால் கேட்டது மட்டும் சான்றாகுமா என்று அப்போதே பலர் ஐயுற்றனர். மார்க்கோனி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்ற கப்பலில் பயணம் செய்து, ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவு வரை வந்த செய்திகளைக் காகித நாடாவிலேயே பதிய வைத்துக் காட்டினார். "நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொன்னால் இத்தொழிலில் போதாது. அளந்து எழுதிக் காட்ட வேண்டும்.

அடுத்து 1912. டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையில் இரண்டு இளைஞர்கள் இருந்தனர். ஜாக் பிலிப்ஸுக்கு வயது 25; ஹரோல்டு பிரைடுக்கு 22. விபத்துக்கு முந்திய இரவு கருவி பழுதாகிவிட்டது. இருவரும் விடிய விடிய உட்கார்ந்து கோளாறு எங்கே என்று தேடினார்கள். மின்மாற்றியின் இணைப்புக் கம்பி கருகிப்போய் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். ஏப்ரல் 14 இரவு பனிமலையில் கப்பல் மோதியபோது, அந்தக் கருவிதான் உதவி கேட்டு அலறியது. கார்பேத்தியா கப்பல் ஓடி வந்தது; 700க்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். கடைசி வரை குறி அனுப்பிய பிலிப்ஸ் மட்டும் திரும்பவில்லை. முதல் நாள் இரவு "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அவர்கள் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

கைத்தொலைபேசியின் கதையும் இப்படித்தான். ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளியுள்ள வட்டாரங்களில் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1947லேயே எழுதி வைத்தனர். கையில் எடுத்துச் செல்லும் கருவியை 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் பேசிக் காட்டியவர் மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர். கடற்படையில் பணியாற்றி, 1954இல் அந்நிறுவனத்தில் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே 1957இல் முதுகலைப் பட்டம் பெற்றவர் அவர். அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 1.1 கிலோ! அது கடைக்கு வர மேலும் பத்தாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

நம் மலேசியாவில் 1985இல் 'ஆட்டூர் 450' சேவை தொடங்கியது. அதன் பின் தலைமுறை தலைமுறையாகக் கருவிகள் மாறின. 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டது. அதே டிசம்பரில் ஐந்தாம் தலைமுறை தொடங்கியது. கருவி பழசாகும், கற்கும் பழக்கம் பழசாகாது.

மாறாத வேலைகளும் உண்டு. இணைப்பைச் சரியாக முறுக்காவிட்டால் மழைநீர் கம்பிக்குள் இறங்கிவிடும். நிலத்தொடுப்புக் கம்பி சரியில்லையென்றால், நம் ஊர் இடிமின்னல் கருவியைச் சாம்பலாக்கிவிடும். வான்கம்பி சற்றே சாய்ந்தாலும் ஒரு கம்பத்துக்கே தொடர்பு குறையும். வண்டியில் தெருத்தெருவாகச் சென்று அலையின் வலுவை அளப்பவரும், கணினி முன் அமர்ந்து அக்கணக்கைப் படிப்பவரும், உச்சியில் ஏறி வான்கம்பியைத் திருப்புபவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் அல்லவா?

இத்தொழிலுக்கு வழி ஒன்றல்ல. எஸ்.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகம் போகலாம், பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கலாம், தொழிற்கல்லூரியிலிருந்தும் தொடங்கலாம். கணிதத்தையும் அறிவியலையும் மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை பழைய வானொலியைப் பிரித்துப் போட்டால் உடனே திட்டாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெரியவர் பக்கத்தில் இருக்கச் செய்யட்டும். பிரித்ததைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். எதைக் கழற்றினான், என்ன கண்டான் என்று எழுதச் சொல்லுங்கள். கெம்ப் நாள்தோறும் எழுதிய குறிப்புகள் இன்று வரலாற்றுச் சான்றாகிவிட்டன.

இன்று மேடையேறிப் பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். கீழே அமர்ந்து கைதட்டும் செல்வங்களே, மனம் தளராதீர்கள். உங்கள் கைகளுக்கும் வேலை காத்திருக்கிறது.

அந்த மாணவனுக்கு என் பதில் இதுதான்: தம்பி, மேலே ஏறத் தெரிந்தவருக்குக் கணக்கும் தெரிந்தால், அவரைவிட நல்ல இஞ்சினியர் கிடையாது. நீ இரண்டையும் கற்றுக்கொள்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!