பஞ்சுப் பேட்டையில் தீக்காவல்

திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்குவோர் சிறிது தூரம் நடந்தால் காதர்பேட்டையை அடைந்துவிடலாம். பனியனும் சட்டையும் குழந்தைகளின் கால்சட்டையும் கடைவாயில்தோறும் தொங்கும். ஏற்றுமதிக்குச் செல்லாது நின்றுபோன சரக்கையும், சிறு பழுதுள்ள ‘செகண்ட்ஸ்’ சரக்கையும் வாங்கிச் செல்ல வெளி மாநில வணிகரும் வருவர். இவ்வூரில் பனியன் பின்னும் தொழிலை 1925ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியவர் குலாம் காதர் என்பர். அத்தொழிலின் வளர்ச்சியைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். பஞ்சு குவிந்த இடத்தில் நெருப்புக்கு எவ்வாறு காவலிருந்தோம் என்பதையே இன்று நான் சொல்லப் புகுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, காதர்பேட்டைப் பனியன் சந்தையில் தீப்பற்றியது. ஏறத்தாழ ஐம்பது கடைகள் எரிந்துபோயின. பகலில் பேரம் பேசும் குரல் ஓயாத இடம் அது. அங்கே ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே ஒரு தட்டியோ தகரமோதான் இருக்கும். ஒரு கடையின் தீ அந்தக் கடையோடு நிற்பதற்கு அங்கே வழியில்லை.

துணியின் இயல்பையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். பின்னலாடை என்பது கண்ணி கண்ணியாகக் கோத்த நூல். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் காற்று இருக்கிறது. எரிபொருளும் காற்றும் ஒருங்கே அமைந்திருப்பதால் தொங்கும் பனியன் மளமளவென்று எரியும். இறுகக் கட்டிய கட்டோ வேறு வகை. மேலே அணைந்தாற்போல் தோன்றும்; உள்ளே சுடரின்றிக் கனன்றுகொண்டே இருக்கும். முன்பு ஒரு வேஸ்ட் கிடங்கில் வேலை பார்த்த என் பழைய மாணவர் ஒருவர், இப்போது காதர்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். அவர் சொன்னார்: “தண்ணி ஊத்தி அணைச்சாச்சுன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம் சார். விடியக் காலைல ஒரு கட்டைப் பிரிச்சா உள்ளே செக்கச் செவேல்னு இருக்குதுங்க.” வகுப்பில் எரிதலைப் பற்றி நான் நடத்திய பாடத்தைவிட அந்த ஒரு வாக்கியம் தெளிவானது.

இந்நாட்டுத் தீயணைப்பு வரலாற்றின் மிகத் துயரமான நாளும் பஞ்சோடு தொடர்புடையதே. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பல் நின்றிருந்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பொதிகள் இருந்த அறையிலிருந்து புகை எழுந்தது. வீரர்கள் குழாய்களோடு ஏறித் தண்ணீர் பாய்ச்சினர். கனன்ற பஞ்சு அணையவில்லை. மாலையில் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர் மட்டும் 66 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளைத் தீத்தொண்டு நாளாகக் கொண்டாடுகிறோம். அதே நாளில் தமிழ்ப் புத்தாண்டும் பெரும்பாலும் வருவதால், நம் ஊர்களில் அந்நினைவு சற்று மங்கிப்போகிறது.

சென்னை நகரில் தீயணைப்புப் படை அமைந்தது 1908இல். ஆறாண்டுகள் கழித்து, 1914 செப்டம்பர் 22 இரவு, ‘எம்டன்’ என்ற செருமானியக் கப்பல் கடலிலிருந்து குண்டு வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ‘எம்டன்’ என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது. அந்த இரவு நெருப்போடு போராடியவர்களை எவரும் நினைப்பதில்லை. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகங்களும் பலசரக்கும் நிறைந்த அந்தச் சந்தையை, ஏழை மாணவனாக இருந்தபோது சென்னை சென்று கண்டவன் நான். தீயணைப்புப் பணிக்கெனத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியதும் அதே 1985ஆம் ஆண்டில்தான்.

இனி நான் சொல்ல விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. கோடையில் குளுமையாக இருக்கும் என்று பெற்றோரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அதற்கு ஒரே வாயில். மணல் வாளிகள் சுவரில் தொங்கின. மணல் எப்போது தீர்ந்தது என்று எவரும் கவனிக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில், சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டனர். மறுநாட் காலை நான் எங்கள் கொட்டகையின் நடுவே நின்று மேலே பார்த்தேன். எத்தனை நொடிகளில் எத்தனை பிள்ளைகள் அந்த வாயிலைக் கடக்க முடியும் என்று எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் நிறுத்திவிட்டேன். ஆயினும், அரசாணை வந்த பிறகுதான் அக்கூரையைப் பிரித்தேன். அதற்கு முன் பிரிக்கவில்லை.

ஆகவே தீயணைப்பு வண்டி தாமதமாக வந்தது என்று யாரேனும் குறைகூறும்போது எனக்கு வாய் திறப்பதில்லை. 101 என்ற எண்ணையோ 112 என்ற எண்ணையோ அழைத்தால் நிலையத்தில் மணி ஒலிக்கும், வீரர்கள் புறப்படுவர். ஆனால் சந்தின் அகலத்தை அவர்களால் கூட்ட இயலாது. நாற்சக்கர வண்டிகளும் சரக்கு மூட்டைகளும் வழியை மறித்திருந்தால் குழாயைத் தோளில் சுமந்து ஓடவேண்டும். தீ பிறந்த முதற்சில நிமிடங்கள் தெருக்காரரின் கையில்தான் உள்ளன. மின் இணைப்பைத் துண்டிப்பதும், ஆட்களை வெளியேற்றுவதும், அருகிலுள்ள துணியை அகற்றுவதும் அவர்கள் செய்ய வேண்டியவை. மின்சாரம் ஓடும் கம்பியின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது என்பதைக்கூட அறியாத இளைஞர் பலர் கடைகளில் வேலை பார்க்கின்றனர். புகை நிறைந்தால் குனிந்து, தரையை ஒட்டி வெளியேறவேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு அம்மாணவரின் கடைக்குச் சென்றிருந்தேன். “பின்வாசல் எங்கப்பா?” என்றேன். அவர் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே கூரைவரை பனியன் கட்டுகள். ஒன்றும் பேசாமல் நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர் பதறிப்போய், “நீங்க உட்காருங்க சார்,” என்று கடைப்பையன்கள் இருவரை அழைத்தார். ஒரு மணி நேரத்தில் கதவு வெளிப்பட்டது, தாழ் துருவேறியிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தபோது பின்சந்தின் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

மூன்று மாதம் கழித்து மீண்டும் போனேன். தீபாவளிச் சரக்கு வந்திருந்தது. கதவின் முன்னே மறுபடியும் இடுப்பளவு கட்டுகள் ஏறியிருந்தன. என்னைக் கண்டதும் அவரே எழுந்து முதற் கட்டைத் தூக்கினார்.