இம்பால் தாயர் சந்தையும் 'லான்' என்னும் சொல்லும்

மணிப்பூரின் தலைநகரான இம்பால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 780 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. அதன் நடுவே குவைராம்பந்த் பகுதியில் இருக்கிறது இமா கெய்தெல். கெய்தெல் என்பது சந்தை. இமா என்பதைப் பொதுவாகத் 'தாய்' என்று பெயர்ப்பர். மெய்தெய் மொழியில் 'இ' தன்மை உடைமையைக் குறிக்கும் முன்னொட்டு. எனவே 'என் தாய்' என்பதே சரி. நம் 'அம்மா'வோடு இதனை ஒலியளவில் இணைப்பதற்கு அடிப்படை இல்லை. இது திபெத்திய-பர்மியக் குடும்பத்து மொழி. ஆனால் யாய், ஞாய், தாய் என மூவிடத்துக்கும் தாய்ப்பெயரை வேறுபடுத்திய பழந்தமிழோடு அமைப்பளவில் ஒப்பிடத்தக்கது.

இச்சந்தையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கடை நடத்துகின்றனர். ஆண்களுக்கு இங்கே கடையிடம் இல்லை. மணமான பெண்களே அமர்வது மரபு. இடம் தாயிடமிருந்து மகளுக்கோ மாமியாரிடமிருந்து மருமகளுக்கோ செல்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இதனை ஒரு விந்தையாகக் காட்டுகின்றன. ஏன் பெண்கள் மட்டும் என்ற வினாவை அவை எழுப்புவதில்லை.

விடையின் ஒரு பகுதி 'லல்லுப்' என்னும் முறையில் உள்ளது. மணிப்பூர் அரசர் காலத்தில், வயதுவந்த ஆண்கள் 40 நாள்களுக்கு 10 நாள் வீதம் ஊதியமின்றி அரசுக்கு உழைக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அதுவே படைப்பணி. லல் அல்லது லான் என்றால் போர். லுப் என்றால் குழு. ஆண்கள் அரண்மனைக்கும் எல்லைக்கும் அழைக்கப்பட்டபோது வயல், தறி, விற்பனை ஆகிய மூன்றும் பெண்கள் கைக்கு வந்தன. ஆகவே இச்சந்தை பெண்ணுக்கு வழங்கப்பட்ட சலுகையன்று. ஆணிடம் வாங்கப்பட்ட கட்டாய உழைப்பின் மறுபக்கம்.

1891 போரில் மணிப்பூரை வென்ற பிரித்தானியர், அடுத்த ஆண்டு லல்லுப்பை ஒழித்து வீட்டுவரி விதித்தனர். ஆனால் 1904இல், எரிந்துபோன அதிகாரிகளின் மாளிகைகளை மீண்டும் கட்ட, கபாவ் பள்ளத்தாக்கிலிருந்து தேக்கு கொண்டுவருமாறு ஆண்களுக்கு ஆணையிட்டனர். ஒழிக்கப்பட்ட கட்டாய உழைப்பு வேறு வடிவில் திரும்பியது. அதை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் சந்தைப் பெண்கள். ஆணை கைவிடப்பட்டது. இதுவே முதல் நுபி லான். நுபி என்றால் பெண். லான் என்றால் போர்.

இரண்டாவது நுபி லான் 1939இல் நிகழ்ந்தது. நெல் குத்தி அரிசியாக்கி விற்பது சந்தைப் பெண்களின் முக்கியப் பிழைப்பு. அரிசி ஆலைகள் அதைப் பறித்தன. அரிசி வெளியூர்களுக்கு ஏற்றுமதியானது. விளைச்சல் கெட்ட அவ்வாண்டில் விலை ஏறியது. டிசம்பர் 12 அன்று பெண்கள் தர்பார் தலைவர் ஷார்ப்பைத் தந்தி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, நவத்வீபத்தில் இருந்த மன்னருக்குத் தந்தி அனுப்பவைத்து, விடை வரும்வரை சூழ்ந்து நின்றனர். அசாம் ரைஃபிள்ஸ் படையின் துப்பாக்கிக் கட்டைகளாலும் ஈட்டிமுனைகளாலும் பலர் காயமடைந்தனர். மறுநாள் ஏற்றுமதித் தடையாணை வந்தது. ஆயினும் பெண்கள் பல மாதங்கள் சந்தையைப் புறக்கணித்தனர். தம் வருவாயைத் தாமே நிறுத்திக்கொண்ட போராட்டம் அது.

அதே சொல் துணியிலும் உண்டு. சந்தையின் துணிப்பகுதியில் வரிக்கரையிட்ட ஃபானெக், மெல்லிய இன்னாஃபி, கோபுரமுனை போன்ற கரை அமைந்த மொய்ராங்ஃபி, வாங்கெய்ஃபி ஆகியவை விற்கின்றன. இவற்றின் பின்னிரண்டோடு, ஷாஃபி லான்ஃபி என்னும் பூவேலைப் போர்வையும் 2014இல் புவிசார் குறியீடு பெற்றது. லான்ஃபி என்றால் போர்த்துணி. வீரச்செயல் புரிந்தவர்க்கு மன்னர் அளித்த பரிசு அது. அதைத் தைத்தவர்கள் பெண்கள். ஆணைப் போருக்கு அனுப்பிய அரசு, அவனுக்குரிய பரிசையும் பெண்ணின் கையுழைப்பிலிருந்தே பெற்றது.

2010இல் சந்தைக்குப் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. 2016 ஜனவரி நிலநடுக்கத்தில் அவை சேதமடைந்தன. விற்பனை மீண்டும் நடந்தது. கட்டடத்தைவிட ஆழமான விரிசல் 2023 மே மாதம் தொடங்கிய இனமோதலால் விழுந்தது. மலையில் விளைந்ததும் நெய்யப்பட்டதும் பள்ளத்தாக்குக்கு வந்து விலைபோன இடம் இது. இன்று குகி-சோ பெண்கள் இம்பாலுக்கு வர இயலாத நிலை.

இமா கெய்தெலைப் பெண்ணாற்றலின் சின்னமாக மட்டும் எழுதுவது எளிது. லல்லுப், நுபி லான், லான்ஃபி ஆகிய மூன்று சொற்களையும் சேர்த்துப் படித்தால், அரசின் போர் யாருடைய உழைப்பில் நடந்தது என்பதும், அதன் விலையை யார் கட்டினார்கள் என்பதும் தெரியவரும். அவ்வினாக்கள் இன்றும் முடிந்துவிடவில்லை.