அண்ணன் சட்டையும் தம்பி சட்டையும்

பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது நம் தாய்மார் தையற்காரரிடம் தவறாது சொல்லும் சொல் ஒன்றுண்டு: “வளர்கிற பெண், இரண்டு டக்கு வைத்துத் தையுங்கள்.” மடித்துத் தைத்த அந்த டக்கை ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால், பெண் வளர வளரப் பாவாடையும் வளரும். அண்ணனுக்குச் சிறுத்துப்போன சட்டையைப் பிரித்து வெட்டித் தம்பிக்குத் தைப்பதும் இதே சிக்கனக் கலையைச் சேர்ந்ததுதான். தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் இக்கலையையும் உடன்கொண்டே சென்றன. கையால் சுழற்றும் தையல் இயந்திரம் ஒன்று வீட்டில் இருந்தால் அதற்குப் போதும்.

ஆனால் டீ-சர்ட் வந்ததும் இக்கலை தடுக்கி நின்றுவிட்டது. காரணம் துணியின் பிறப்பிலேயே இருக்கிறது. சட்டைத் துணி பாவும் ஊடையுமாக நெய்யப்படுவது. டீ-சர்ட் துணியோ நெய்யப்படுவதன்று. கண்ணியுள் கண்ணி நுழைத்துப் பின்னப்படுவது. ஆகவே இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வெட்டினாலோ ஓரம் சுருண்டுகொள்ளும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணியும் அவிழத் தொடங்கும்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரங்கள் மேல் நூலையும் கீழ் நூலையும் பூட்டிப் பூட்டித் தைப்பவை. இயந்திரங்களைப் பெரிதும் ஐயுற்ற காந்தியடிகளே, 1924-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கர் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவியின் உழைப்பைக் கண்டு இரங்கிய கணவனின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் கருத்து. அத்தகைய இயந்திரமும் பின்னல் துணியிடம் தோற்றது. துணி நீளும்போது பூட்டுத் தையல் அந்த அளவுக்கு நீளாது. குழந்தை தலையை நுழைத்துக் கழுத்தை இழுத்தவுடன் நூல் பட்டென்று அறும்.

இதற்கு விடை கண்டதும் அமெரிக்காவே. கனெக்டிகட் மாநிலத்து மெரோ குடும்பத்தார் 1838-ஆம் ஆண்டில் தொடங்கியது வெடிமருந்து ஆலை. அது வெடித்து அழிந்தது. பின்னர் அவர்கள் பின்னலாடை ஆலை வைத்தார்கள். இது அபாயம் குறைந்த தொழில் என்று எண்ணியிருக்கலாம்! பின்னலாடையின் ஓரத்தைக் கொக்கிப் பின்னலால் முடிப்பதற்கென ஓர் இயந்திரம் செய்து 1877-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்கள். அதிலிருந்து 1881-ஆம் ஆண்டில் ஓவர்லாக் தையல் பிறந்தது. அமெரிக்கர் இவ்வகை இயந்திரத்தைச் செர்ஜர் என்றும் அழைப்பர்.

இன்றைய ஓவர்லாக் இயந்திரத்தில் அடிநூல் பாபின் கிடையாது. ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி துணியின் ஓரத்தைச் சீராக நறுக்கிச் செல்லும். லூப்பர் எனப்படும் இரு வளைந்த கரங்கள் வெட்டிய ஓரத்தின் மேலும் கீழுமாக நூலைச் சுற்றிவர, ஊசி அதைப் பிடித்து நிறுத்தும். இவ்வாறு சுற்றிய நூலில் தளர்வு இருப்பதால் துணி நீளும்போது தையலும் நீளும்.

நம் நாட்டின் முதற் பின்னலாடை ஆலை 1893-ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடுத்த கிதிர்ப்பூரில் தோன்றியது என்பர். திருப்பூரில் பனியன் தொழில் கால்கொண்டது 1925-ஆம் ஆண்டையொட்டி. பனியன் என்ற சொல்லும் நம்மைப்போல் ஊர் சுற்றியதே! குஜராத்து வணிகரைக் குறித்த பெயர் ஆங்கிலேயர் வாயிற் புகுந்து, தளர்ந்த மேலாடைக்குப் பெயராகி, பின்னர் உள்ளாடைக்கு வந்து சேர்ந்தது. பனியன் ஆலைகளில் ஓவர்லாக் தைப்பவர், சிங்கர் தைப்பவர் என்று ஆட்களை இயந்திரத்தின் பெயராலேயே அழைப்பது திருப்பூர் வழக்கம்.

ஆலைக்கு வந்த ஓவர்லாக் இல்லத்துக்கு வர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜப்பானில் 1960-களில்தான் மேசைமேல் வைக்கத்தக்க சிறு இயந்திரத்தைப் பேபி லாக் என்ற பெயரில் செய்தார்கள். இன்று அவ்வகை இயந்திரங்கள் நம் நகரங்களிலும் கிடைக்கின்றன.

அதைக் கொண்டு அண்ணன் டீ-சர்ட்டைத் தம்பிக்குச் செய்யும் முறையைக் கேளுங்கள். ஆலையில் தைத்த அடி மடிப்பை வெட்டக் கூடாது. இரட்டை ஊசியால் தைத்த அம்மடிப்பை ஓவர்லாக் இயந்திரம் திரும்பத் தைத்துத் தராது. தம்பிக்குச் சரியாக உள்ள ஒரு சட்டையை, அடி ஓரங்கள் பொருந்துமாறு அதன்மேல் வைத்து, தையலுக்கு வேண்டிய இடம் விட்டுப் பக்கங்களையும் தோளையும் கழுத்தையும் வெட்டவேண்டும். கையும் அப்படியே, மடிப்பை விட்டு மேற்புறத்தைக் குறைக்க வேண்டும். தோளில் ஒரு மெல்லிய நாடாவைச் சேர்த்துத் தைத்தால் அது தொய்யாது. கழுத்துப் பட்டியைக் கழுத்து வட்டத்தைவிடச் சிறிதாக வெட்டி, சற்றே இழுத்துப் பிடித்துத் தைக்கவேண்டும். மார்பில் படம் உள்ள சட்டையானால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து குறைப்பதால் படத்திலுள்ள யானை தம்பியின் மோவாயை இடிக்கும்! தையல் முடிவில் தொங்கும் நூற்சங்கிலியை அப்படியே கத்தரித்துவிடாமல், பெரிய ஊசியில் கோத்துத் தையலுக்குள் செருகிவிடுவது நன்று.

எனினும் டக்கின் பெருமை ஓவர்லாக்குக்கு இல்லை என்பதே என் எண்ணம். டக்கை நினைத்தபோது பிரிக்கலாம். பாவாடை மீண்டும் நீளும். ஓவர்லாக்கின் கத்தி நறுக்கியதை எவராலும் திரும்ப ஒட்டவைக்க இயலாது. ஆகவே வெட்டுவதற்கு முன் அண்ணனை அழைத்து அச்சட்டையை ஒருமுறை அணியச் சொல்லுங்கள். தனக்கு அது இன்னும் சரியாகவே இருக்கிறது என்று அவன் வழக்காடக்கூடும். கையைத் தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.