கபினி, காவேரி, கொஞ்சம் கருமணல்

தும்பாவிலிருந்து ராக்கெட் விட்ட நாட்டுக்கு ஒரு சண்டை விமான எஞ்சின் செய்ய வராதா? பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் இங்கே பாஸ்டனில் கூடினால், சாப்பாடு முடிந்ததும் இந்தக் கேள்வி எப்படியாவது வந்து சேரும். அதில் ஆச்சரியமில்லை. 1956-ல் எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு மேற்கே வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த எங்களுக்கு, தும்பாவிலோ வலியமலையிலோ வேலை பார்க்கும் சித்தப்பா, மாமா என்று யாராவது ஒருவர் இருப்பார். ராக்கெட் என்றால் அது எங்கள் வீட்டு விஷயம் மாதிரி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ராக்கெட் எஞ்சினும் ஜெட் எஞ்சினும் ஒரு ஜாதி இல்லை. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ் எஞ்சின் இரண்டு, இரண்டரை நிமிடம் எரியும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சண்டை விமான எஞ்சின் அப்படியல்ல. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பைலட் திடீரென்று முடுக்குவார், திடீரென்று குறைப்பார். உள்ளே சுழலும் டர்பைன் இதழ்களின் மேல் பாயும் வாயுவின் வெப்பம், அந்த இதழ் செய்த உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். இதழுக்குள் நுண்ணிய துளைகள் வழியாகக் காற்றை ஓட்டிக் குளிர்வித்து, மேலே பீங்கான் பூச்சும் பூசித்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். நல்ல எஞ்சின்களில் ஒரு இதழ் முழுவதும் ஒரே படிகமாக வார்க்கப்பட்டிருக்கும். இந்த வார்ப்பு வித்தையை எந்த நாடும் சுலபத்தில் இன்னொரு நாட்டுக்குச் சொல்லித் தராது.

இனி கதைக்கு வருவோம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பெங்களூரில் செய்த மாருத் விமானம் 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. வடிவமைத்தவர் ஜெர்மானியர் குர்ட் டாங்க். ஒலியை மிஞ்சிப் பறப்பதற்கென்று வரைந்த விமானம் அது. அதற்கு நினைத்திருந்த எஞ்சின் பிரிட்டனின் பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் 12. அந்த எஞ்சினை உருவாக்கி முடிக்கும் செலவில் பங்கு தர இந்திய அரசு முன்வரவில்லை, எஞ்சின் கைவிடப்பட்டது. கடைசியில் பலம் குறைந்த ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்து ஓட்டினார்கள். விமானத்தின் உடம்பு வேகத்துக்குத் தயாராக இருந்தது, மூச்சுதான் போதவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. எகிப்து உருவாக்கிக்கொண்டிருந்த ஈ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி 1967-ல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் எகிப்து அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது. ஆர்ஃபியஸ் 703-க்கு ஆஃப்டர்பர்னர் சேர்க்கும் வேலையை நம் ஆட்களே செய்தார்கள். அந்த மாதிரி விமானம் ஒன்று 1970 ஜனவரி 10-ல் விழுந்து, நாட்டின் மிகச் சிறந்த சோதனை விமானிகளில் ஒருவரான குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். மொத்தம் 147 மாருத்கள் செய்யப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே சண்டை போட்டன. ஆனால் அதற்குத் தகுந்த எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆஃப்டர்பர்னர் வேலையைச் செய்தது ஜி.டி.ஆர்.இ. என்ற ஆய்வுக்கூடம். 1959-ல் கான்பூரில் சின்னதாகத் தொடங்கி 1961-ல் பெங்களூருக்கு வந்தது. காவேரி எஞ்சின் பிறந்ததும் அங்கேதான். தேஜஸ் விமானத்துக்காக 1989-ல் அனுமதி கிடைத்தது, ஒதுக்கிய தொகை 382.81 கோடி ரூபாய். எஞ்சினின் உள்பகுதிக்கு மட்டும் கபினி என்று தனிப்பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் ரசிகர்தான்! வயநாட்டில் பிறந்து கர்நாடகத்தில் காவேரியோடு சேரும் ஆறு அது. கபினி 1995-ல் ஓடியது, முழுக் காவேரி 1996-ல்.

பிறகுதான் இழுபறி. எடை 1,100 கிலோ இருக்க வேண்டும் என்று கணக்கு. அதைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. உந்துவிசை குறைந்தது. 1998-ல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்த தடைகளில் வெளியுதவியும் அடைபட்டது. இதையெல்லாம் விட எனக்கு உறைப்பது வேறொன்று. எஞ்சினை உயரத்தில் ஓட்டிப் பார்க்கும் கூடமோ, தொங்கவிட்டுப் பறக்கும் சோதனை விமானமோ நம்மிடம் இல்லை. ஒவ்வொரு முறையும் ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டும். 2010 நவம்பரில் மாஸ்கோ பக்கத்தில் ஒரு இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டித்தான் காவேரி முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2008-ல், தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். செலவு மதிப்பீடு 2,839 கோடிக்கு ஏறியதைத் தணிக்கைத் துறை 2011-ல் சுட்டிக்காட்டியது. பத்திரிகைகள் தொகையைத்தான் பெரிதாகப் போட்டன. சோதனைக் கூடம் கட்டாமல் மிச்சம் பிடித்த பணத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

விகாஸ் எஞ்சின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் சொந்தச் சரக்கு அல்ல, பிரான்ஸின் வைக்கிங் எஞ்சினிலிருந்து வந்தது. 1974-ல் ஒப்பந்தம் போட்டபோது நம் பங்கு, இந்தியப் பொறியாளர்களின் 100 ஆள்-ஆண்டு உழைப்பு. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் நம் ஆட்கள் பிரான்ஸின் வெர்னோன் ஊரில் உட்கார்ந்து, பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து வரைந்தார்கள், பொருத்தினார்கள், சோதித்தார்கள். திரும்பி வந்து அதையே இங்கே செய்தார்கள், அதற்கான சோதனை மேடையை மகேந்திரகிரியில் கட்டினார்கள். வாங்கியது வரைபடம் மட்டுமில்லை, கைப்பழக்கமும்தான். (அந்த மனிதரைப் பிற்பாடு பொய் வழக்கில் சிக்க வைத்து என்ன பாடு படுத்தினார்கள் என்பது தனிக் கதை.)

கற்றுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை என்பதற்கு என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத லின் என்ற ஊரே சாட்சி. அமெரிக்காவின் முதல் ஜெட் எஞ்சின் இங்கேதான் 1942-ல் ஓடியது. ஓடியது என்னவோ ஆங்கிலேயர் ஃபிராங்க் விட்டிலின் வடிவத்தைப் பின்பற்றிச் செய்தது! 1941-ல் பிரிட்டன் ஒரு எஞ்சினையும் வரைபடங்களையும் அனுப்பியது, ஜெனரல் எலெக்ட்ரிக் அதைப் பார்த்துச் செய்தது. அதோடு நிற்காமல், அடுத்தது, அதற்கடுத்தது என்று இடைவெளி விடாமல் செய்துகொண்டே போனார்கள். இன்று தேஜஸை இழுக்கும் எஃப்-404 எஞ்சின் லின்னில்தான் உருவாகிறது. 2021-ல் 99 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம். முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். அதுவரை புது தேஜஸ் விமானங்கள் காத்துக் கிடந்தன. எஞ்சின் இல்லாத நாட்டின் விமானப்படைக் கால அட்டவணையை இன்னொரு நாட்டின் தொழிற்சாலைதான் எழுதும்.

நம் கரையிலோ மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் மணவாளக்குறிச்சி. அங்கே மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் கண்டுபிடித்தார். அதே கருமணலில் இல்மனைட் உண்டு, அதிலிருந்து டைட்டானியம். எஞ்சினின் முன்பக்கக் காற்றமுக்கி இதழ்கள் அதில்தான் செய்யப்படுகின்றன. ஜிர்கான் உண்டு, மேலே சொன்ன பீங்கான் பூச்சின் முக்கியப் பொருள் ஜிர்கோனியா. நெடுங்காலம் இந்த மணலை அள்ளி விற்றோம், வெள்ளை பெயிண்டுக்கு நிறமி செய்தோம். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் வேண்டிய டைட்டானியம் ஸ்பாஞ்ச் செய்யும் ஆலை கொல்லத்துக்குப் பக்கத்தில் சவறாவில் வந்தது 2011-ல்தான். அதன் கொள்ளளவு வருடத்துக்கு 500 டன். மணல் கிடைத்து நூறு வருடம் கழித்து!

காவேரி சாகவில்லை. ஆஃப்டர்பர்னர் இல்லாத வடிவத்தை ஆளில்லாப் போர் விமானத்துக்காகத் தயார் செய்து வருகிறார்கள். அதே ஜி.டி.ஆர்.இ. செய்த மாணிக் என்ற சின்ன எஞ்சின் 2024 ஏப்ரல் 18-ல் ஒடிசா கடற்கரையில் ஒரு குரூஸ் ஏவுகணையை ஒழுங்காக இழுத்துக்கொண்டு போனது. சண்டை விமானத்துக்கான பெரிய எஞ்சினை பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து செய்யப்போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார்.

மறுபடியும் பிரான்ஸ். அறிவிப்பைப் படித்ததும் எனக்கு வெர்னோன்தான் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை ஆயிரம் கோடி என்று ஊரில் பேசுவார்கள். இதழ் வார்க்கும் பட்டறையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை வருடம் நிற்கப்போகிறார்கள் என்பதைத்தான் நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.